எதிர்மாடியில் குளிர்கிறது

எங்கள் ஆபீஸில் ஒரே நேரத்தில் மழையும் பெய்யும், வெயிலும் அடிக்கும், மூன்றாவது சீட்டில் பனியும் கொட்டும். யாரும் நனைய மாட்டார்கள். யாருக்கும் வேர்க்காது. யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள்.

என் பெயர் பூவராகன். சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம், அங்கே தெருவுக்கு நாலு பூவராகன் உண்டு. சென்னைக்கு வந்த பிறகு, பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவர்கள் பாதிப் பெயர் பொருத்தம் என்பார்கள். எந்தப் பாதி என்று நான் கேட்டதில்லை.

கிண்டியில் தரைக்குக் கீழே நாலாவது தளத்தில் வேலை. கத்திரி வெயில் சித்திரையில் ஆரம்பித்து ஐப்பசியில் முடிகிற காலம் இது. மேலே கட்டடத்துக்கு ஏ.சி. போட்டுக் கட்டுப்படியாகாமல், ஊரில் பாதி ஆபீஸ்கள் எலி மாதிரி பூமிக்குள் போய்விட்டன. எங்கள் கம்பெனி செய்வது வெயில் காப்பீடு. வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் இழப்பீடு கேட்டு எழுதுவார்கள். அவர் விழுந்தது வெயிலால்தானா, காலையில் சாப்பிடாததாலா என்று, வெயிலே படாத இடத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நான் முடிவு செய்வேன். இதைச் சிரிக்காமல் செய்யப் பழகவே எனக்குச் சில வருஷம் பிடித்தது.

ஜன்னல்கள் வருவதற்கு முன்னால் அந்த இடம் நரகம். டியூப்லைட் வெளிச்சம், ஈரச்சுவரின் பூஞ்சை வாசனை, சுவரில் குற்றால அருவி போட்ட பழைய காலண்டர். மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி. பக்கத்து சீட்டு இருதயராஜ் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. "பழகிடுச்சு சார்" என்றார். எல்லோருக்கும் தலைவலி, தூக்கமின்மை, எலும்பு வலி. ஆனால் பிற்பகலில் யாராவது ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேலே மழையோ என்னவோ" என்பார். உடனே நாலைந்து பேர் எழுந்துவிடுவோம். லிஃப்ட் வேலை செய்யாது. மூச்சிரைக்க ஏறி, டீக்கடை வாசலில் நின்று, மழை இல்லாத வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு இறங்குவோம்.

பிறகு சட்டம் வந்தது. பூமிக்கடியில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வெளிச்சம், நல்ல காற்று, பார்ப்பதற்கு ஒரு காட்சி மூன்றும் கொடுக்க வேண்டும் என்றார்கள். கம்பெனியும் குறைவைக்கவில்லை. காற்றுக்குக் குழாய், பூஞ்சைக்கு மருந்து, ஆளுக்கு ஒரு ஜன்னல். ஜன்னல் என்றால் நாலு பக்கமும் சட்டம் போட்ட ஒரு கண்ணாடி. உள்ளே இருக்கும் யந்திரம் உங்கள் முகத்தையும் மூச்சையும் நாடியையும் பார்த்து, எதைக் காட்டினால் உங்கள் உடம்புக்கு நல்லதோ அதைக் காட்டும். காலையில் சாய்வான வெளிச்சம், மதியம் வெள்ளை, மாலையில் மஞ்சள். உங்கள் சீட்டில் உட்கார்ந்தால்தான் தெரியும். பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்தால் வெறும் கறுப்பு.

ஒரு மாதத்தில் எல்லார் முகத்திலும் களை வந்துவிட்டது. தலைவலி மாத்திரை டப்பாவில் யாரோ குண்டூசி போட்டு வைத்தார்கள். காலண்டரையும் பிளாஸ்டிக் செடியையும் தூக்கிப்போட்டார்கள். இருதயராஜுக்கு ஏதோ பனிமலை. எதிர்வரிசை செண்பகவல்லிக்குத் தூறல் விழுகிற வயல்வெளி. இதெல்லாம் முதல் வாரம் சொன்னது. அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை. மழையோ என்னவோ என்று யாரும் கேட்கவும் இல்லை. அவரவர் மழை அவரவர் மேஜையிலேயே இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கடல். விடியற்காலைக் கடல். நல்ல கடல்தான், குறை சொல்ல மாட்டேன். படபடப்பெல்லாம் அடங்கியது. ஆனால் கடலோடு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பேசுவது?

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பூஜைக் கமிட்டியின் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நான்தான். மற்றவர்கள் ஜன்னல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், கைரேகை மிஷின், காபி மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஜன்னலுக்கு எங்கே வைப்பது? சட்டத்தின் அடியில் நடுவாகக் கறுப்பில் ஒரு சின்ன வட்டம், பொட்டு வைக்கவென்றே செய்தது மாதிரி இருந்தது. வரிசையாக வைத்துக்கொண்டு கடைசியில் என் ஜன்னலுக்கு வந்தபோது சந்தனம் தீர்ந்துபோயிற்று. கிண்ணத்தில் ஒட்டியதை வழித்து, போதாததற்கு ஆபீஸ் பசையைக் கொஞ்சம் குழைத்து அப்பினேன். விடுமுறையில் துப்புரவு ஆட்கள் வந்து மற்ற பொட்டுகளைத் துடைத்துவிட்டார்கள். என்னுடையதைச் சுரண்டிப் பார்த்து, வரவில்லை என்றதும் சாமி காரியம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

விடுமுறை முடிந்து வந்து உட்கார்ந்தால் கடலைக் காணோம்.

ஒரு மொட்டைமாடி. கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, துணி உலர்த்தும் கம்பி, உச்சி வெயில். நடுவில் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடி, முன்நெற்றியில் கொஞ்சம் நரை.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இந்தச் சனியன் பிடித்த பெட்டி என் நாடியைப் பிடித்துப் பார்த்து, 'இவனுக்குக் கடல் போதாது, ஒரு பெண் வேண்டும்' என்று கண்டுபிடித்துவிட்டதே! அதிலும் பார்க்கச் சினிமாக்காரி மாதிரி யாரையாவது போட்டிருக்கலாம். என் தகுதி இவ்வளவுதான் என்பதையும் அதுவே முடிவு செய்திருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வது?

முதல் சில நாள் அவளைப் பார்க்காத மாதிரி வேலை செய்தேன். யாரிடம் நடித்தேனோ தெரியாது. பிறகு ஒரு நாள் மதியம், எலுமிச்சை சாதத்தை வாயருகே கொண்டுபோனபோது அவளும் அங்கே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். மரியாதைக்கு என் டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். அவள் சற்றுத் திகைத்துப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். தயிர் சாதம், மோர் மிளகாய். அடேயப்பா, எப்படிச் செய்திருக்கிறான்கள் என்று வியந்துகொண்டேன்.

அதிலிருந்து நான் தனியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முன் எத்தனை வருஷம் தனியாகச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

சத்தம் கேட்காது. ஆனாலும் நான் பேசுவேன். முழங்கால் வலி, நங்கநல்லூர் வீட்டுக்காரர், அன்றைக்கு நிராகரித்த விண்ணப்பம். என் பிறந்த நாளுக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒரு மைசூர்பாக்கை அவளிடம் காட்டிவிட்டுத் தின்றேன், அவள் கைதட்டினாள். ஒரு சமயம் ஒரு வாரம் முழுக்க அவள் அழுதுகொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள், தோள் குலுங்கும். படம் அழுதால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்டேப்ளரைத் தலையில் நிறுத்தி, அதன் மேல் டம்ளரை வைத்து, கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டம்ளர் விழுந்து ஸ்வெட்டரெல்லாம் காபி. அவள் சிரித்தாள். ஒரு படத்தைச் சிரிக்கவைத்ததற்காக ஒருவன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விசில் அடிக்கலாமா? அடித்தேன்.

படத்தில் சில தப்புகள் இருந்தன. மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பவளின் கழுத்தில் எதற்கு ஆபீஸ் அடையாள அட்டை? அந்தக் கொளுத்துகிற வெயிலில் அவள் நாளெல்லாம் சால்வை போர்த்தியிருப்பாள். உள்ளங்கைகளைத் தேய்த்து ஊதிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல்தான் வருவாள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாள் என்று நானே காரணம் கற்பித்து, படம் செய்தவனை மன்னித்துவிட்டேன்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. அடுத்த ஆயுத பூஜைக்கும் பொட்டு வைத்தேன், ஜன்னல்களை விட்டுவிட்டு. துடைக்கிறவர்களுக்குச் சிரமம் என்று வத்சலா மேடம் சொல்லிவிட்டார். இவர் எங்கள் நல அதிகாரி. எல்லார் மணிக்கட்டிலும் இருக்கிற பட்டை எங்கள் ஆரோக்கியத்துக்கு மார்க் போடும், அதை இவர்தான் பார்ப்பார். அந்த வாரமே என் சீட்டுக்கு வந்து நின்றார்.

"பூவராகன் சார், என்ன சாப்பிடறீங்க?"

"எலுமிச்சை சாதம் மேடம்."

"அதில்ல. உங்க மார்க் கம்பெனியிலேயே முதல் மார்க். மத்தவங்களுக்கு ஏறிட்டு நின்னுபோச்சு, கொஞ்சம் இறங்கவும் ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்கு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. அப்படி என்னதான் ஓடுது உங்க ஜன்னல்ல?"

"கடல் மேடம்" என்றேன்.

"கடல் இங்க பாதிப் பேருக்கு ஓடுது. உங்களுது ஏதோ விசேஷம். ஜன்னல் கம்பெனியில இருந்து ஆள் வரச் சொல்லியிருக்கேன். அது என்னன்னு பார்த்து எல்லாருக்கும் அதையே போட்டுடலாம்."

என் மார்க் அந்த இடத்திலேயே கொஞ்சம் இறங்கியிருக்கும்.

வியாழக்கிழமை ஜன்னல் கம்பெனி இன்ஜினியர் வந்தாள். ஜெசிந்தா, ராயபுரம். முதுகில் பை, வாயில் சூயிங்கம். என் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள், மெல்லுவதை நிறுத்தினாள். எதிர்மாடியில் அவள் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா கீழே குனிந்து சட்டத்தைத் தடவினாள்.

"சார், இது யார் வேலை?"

"எது?"

"இந்தப் பொட்டு."

"நான்தான். ஆயுத பூஜைக்கு வச்சேன்."

"போன வாரமா?"

"போன வருஷம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு ரெண்டு கண்ணு சார். மேல்கண்ணு நீங்க எங்க உக்காந்திருக்கீங்கன்னு பார்க்கும். கீழ்க்கண்ணு நீங்க எப்படி இருக்கீங்கன்னு பார்க்கும். ஒரு வருஷமா கீழ்க்கண்ணை மூடி வச்சிருக்கீங்க."

"அப்போ அது என்னைப் பார்க்கவே இல்லையா? இந்தம்மாவை எனக்காகச் செய்யலையா?"

"நாங்க ஆளே செய்யறதில்ல சார். மலை, கடல், மரம், காக்கா. அவ்ளோதான். ஆரம்பத்துல ஆள் போட்டுப் பார்த்தாங்க. ரெண்டு வாரம் சந்தோஷமா இருப்பாங்க. அப்புறம் எப்படியோ தெரிஞ்சுடும், இவன் நமக்காகச் சிரிக்கலன்னு. தெரிஞ்சதுக்கப்புறம் முன்னைவிட மோசமாயிடுவாங்க. நிறுத்திட்டோம்."

"பின்னே இவங்க?"

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "கீழ்க்கண்ணு சில மணி நேரம் தெரியலன்னா, தன்னை இன்னும் யாருக்கும் மாட்டலன்னு ஜன்னல் நினைச்சுக்கும். மாட்டுற பசங்க சோதனை பண்றதுக்கு ஒரு வழி வச்சிருக்கோம். ஒரு ஜன்னல் முன்னால ஒருத்தன் உக்காருவான், வேற எங்கேயோ இன்னொரு ஜன்னல் முன்னால இன்னொருத்தன். அவனை மட்டும் வெட்டி எடுத்து இந்த மொட்டைமாடி படத்துல ஒட்டி இவனுக்குக் காட்டும். இவனை ஒட்டி அவனுக்குக் காட்டும். கோணம் சரியான்னு கை ஆட்டிப் பார்த்துக்குவாங்க. உங்களை மாதிரி வேற யாரோ, வேற ஊர்ல, வேற ஆபீஸ்ல, கீழ்க்கண்ணை மூடி வச்சிருக்காங்க. ரெண்டு ஜன்னலும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிச்சு."

எதிர்மாடியில் அவள் பேனாவை வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்து ஊதிக்கொண்டாள்.

"ஏ.சி." என்றாள் ஜெசிந்தா. "அதுவும் தரைக்குக் கீழதான் சார். அவங்க நிஜம்."

அடுத்த சில நிமிஷம் நான் என்ன நினைத்தேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரிக்கலாம். ஒரு வருஷமாக ஒரு நிஜமான பெண்மணி முன்னால் உட்கார்ந்து மூக்கைக் குடைந்திருக்கிறேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். ஸ்வெட்டருக்குள் கையை விட்டு முதுகு சொறிந்திருக்கிறேன், ஸ்கேலால். பாட்டுப் பாடியிருக்கிறேன், நல்லவேளை சத்தம் கேட்காது. அந்த வெட்கம் அடங்கியதும் இன்னொன்று வந்தது. அந்த அழுகை நிஜம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவங்களுக்கு என்னைப் பத்தித் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்க வழியில்ல. உங்களை மாதிரியே நினைச்சிருப்பாங்க, நல்லாச் செஞ்சிருக்கான்னு."

"பேர், ஊர்?"

"சொன்னா என் வேலை போயிடும் சார்." அவள் பையை மூடினாள். "ரிப்போர்ட் திங்கக்கிழமைதான் குடுக்கணும். அதுவரைக்கும் இந்தப் பொட்டை நான் தொடல. நீங்க எதுவும் சொல்லலன்னா அவங்களுக்கு எதுவும் தெரியப்போறதில்ல."

"நேத்து வரைக்கும் நான் படம் பார்த்தேன்மா. இனிமே பார்த்தா அது எட்டிப்பார்க்கிறது."

"அது உங்க இஷ்டம்" என்றாள். போகும்போது என் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனாள். அந்த ஆபீஸில் என்னை யாராவது தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். அவள் டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டினாள். நான் காட்டவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று என் வயிறு சொன்னது. ஜெசிந்தாவிடம் கெஞ்சினால் அடுத்த ஆயுத பூஜை வரை கூட ஓட்டலாம், யாருக்கு நஷ்டம்? ஆனால் அவள் டப்பாவைத் தூக்கியபடியே, ஏன் காட்டவில்லை என்று புருவத்தை உயர்த்தினாள். அந்தப் புருவத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. பெரிய காகிதத்தில் தடித்த பேனாவால் எழுதித் தூக்கிப் பிடித்தேன்.

'நான் படம் இல்லை. உங்களைப் போல் ஓர் ஆள். எனக்கே இன்றுதான் தெரியும். மன்னிக்கவும்.'

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்து படித்தாள். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் மடித்து வைத்தாள். என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து நெருங்கி வந்தாள். அவள் கை பெரிதாகி ஜன்னலின் அடிப்பக்கம் இறங்கியது. அவ்வளவுதான். நாற்காலியோடு மறைந்துபோனாள். தண்ணீர்த் தொட்டியும் கம்பியும் வெயிலும் மட்டும் இருந்தன.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேலும் வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. காலி மாடியைப் பார்த்துக்கொண்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். ஒரு வருஷம் தன்னை எவனோ பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் எந்தப் பெண் உட்காருவாள்? சரியான காரியம்தான் செய்திருந்தேன். சரியான காரியம் செய்தவனுக்குப் பசி எடுக்கும் என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஜெசிந்தாவும் வத்சலா மேடமும் சேர்ந்து வந்தார்கள்.

"மணிக்கட்டுப் பட்டையைக் கழட்டி வச்சுட்டீங்களா சார்? மார்க் இப்படி விழுந்திருக்கு!" என்றார் மேடம். பிறகு ஜெசிந்தாவிடம், "இவர் ஜன்னல்ல ஓடினது என்னன்னு சொல்லுங்க, எல்லாருக்கும் போட்டுடுவோம்."

"இன்னும் பார்க்கணும் மேடம்" என்று ஜெசிந்தா அவரை அனுப்பிவைத்தாள். என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமை காகிதம் காட்டியதைச் சொல்லித் தலையசைத்தேன். "துடைச்சுடும்மா."

பசை லேசில் விடவில்லை. ஈரத்துணியால் ஊறவைத்து, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். பொட்டு முழுசாகப் பெயர்ந்து என் மேஜையில் விழுந்தது. ஜன்னல் ஒரு முறை சிமிட்டி, கடலைக் காட்டியது. என் பழைய கடல். விடியற்கால நீலம், மெல்லிய அலை. என் நாடி உடனே அடங்கிற்று. அதுதான் கொடுமை.

ஜெசிந்தா தன் கருவியில் எதையோ தள்ளிக்கொண்டே வந்தவள், கண்ணைச் சுருக்கினாள்.

"சார், அந்தப் பக்கத்து ஜன்னல் ஒரு மாதிரியா இருக்கு. உங்களுது மூடினது மூடினபடியே கிடந்துது. அவங்களுது வெள்ளிக்கிழமை தவறாம, காலையில கொஞ்ச நேரம் திறக்குது. மறுபடி மூடுது."

"வெள்ளிக்கிழமைன்னா..."

"பழைய பொட்டைத் துடைச்சுட்டுப் புதுசு வைக்கிறாங்க. துடைச்ச உடனே அவங்களுக்கு உரிய ஜன்னல் வந்துடும். அவங்க உடம்புக்கு எது நல்லதோ அது. அதைப் பார்த்துட்டு, மறுபடி மூடியிருக்காங்க. வருஷம் பூரா."

வெள்ளிக்கிழமை ஏன் மதியத்துக்கு மேல்தான் வருகிறாள் என்று இப்போது தெரிந்தது. மூடிய பிறகு சில மணி நேரம் ஆகுமே.

"பக்தியா இருக்கலாம்" என்றேன். எனக்குக் கிடைக்கிற நல்ல செய்தியை நான் அவ்வளவு சுலபமாக உள்ளே விடுவதில்லை. "வெள்ளிக்கிழமை, குங்குமம்... பக்தி."

"இருக்கலாம். பக்தின்னா, நீங்க காகிதம் காட்டின வியாழக்கிழமை எதுக்குத் துடைக்கிறாங்க? எது வச்சா என்ன வரும்னு அவங்களுக்குத் தெரியும் சார். ரொம்ப நாளாத் தெரியும்." கருவியை என் பக்கம் திருப்பினாள். "வெள்ளி, சனி திறந்தே கிடந்திருக்கு. இன்னிக்குக் காலையில வந்ததும் மூடியிருக்காங்க."

"இன்னிக்கா?"

"இன்னிக்கு. இந்நேரம் சோதனை நிலைக்குப் போயிருக்கும். காலி மாடியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

மேஜையில் கிடந்த பொட்டைப் பார்த்தேன். விழுந்த வேகத்தில் அது நாலாக உடைந்திருந்தது.

ஜெசிந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எங்க ரிப்போர்ட்ல சந்தனத்துக்குன்னு இடமே கிடையாது சார். கோளாறு ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போறேன். நீங்க அப்புறம் என்ன பண்றீங்கன்னு நான் பார்க்கல." போயே விட்டாள்.

நான் செண்பகவல்லியின் சீட்டுக்கு ஓடினேன். அவள் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டது.

"குங்குமம் இருக்கா?"

"என்ன சார், யாருக்கு என்ன ஆச்சு?"

"ஜன்னலுக்கு."

"ஒரு வருஷமா சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்கல. வந்ததும் குங்குமம் இருக்கான்னு கேட்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டே கைப்பையைத் துழாவினாள். கோயில் பொட்டலம் ஒன்று வந்தது. "சந்தனம் இல்ல."

"சந்தனமா?" என்று பனிமலையிலிருந்து தலையைத் திருப்பினார் இருதயராஜ். டிராயரைத் திறந்து ஒரு சந்தன சோப்பை எடுத்தார். "கைகழுவ வச்சிருக்கேன். இது ஆகுமா?"

ஆயிற்று. ஸ்கேலால் சோப்பைச் சுரண்டி, பசை ஊற்றிக் குழைத்து, கீழ்க்கண்ணில் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். கடல் அணைந்தது. கண்ணாடி கறுத்தது. அந்தக் கறுப்பில் என் முகம் தெரிந்தது, எனக்குப் பின்னால் செண்பகவல்லி பொட்டலத்தோடும் இருதயராஜ் சோப்போடும் நின்றார்கள். அவர்கள் முகத்தை நான் சரியாகப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. இருதயராஜ் மீசையை எடுத்துவிட்டிருந்தார்.

"எப்போ எடுத்தீங்க?"

"போன தையில சார்."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைக் குடைந்ததை மட்டும் விட்டுவிட்டேன். செண்பகவல்லி ஸ்டேப்ளர் இடத்தில் சிரித்தாள், வெள்ளிக்கிழமை இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சில மணி நேரம் ஆகும் என்றேன். யாரும் சீட்டுக்குத் திரும்பவில்லை. இருதயராஜ் கொஞ்சம் தயங்கிவிட்டு, "மேலே மழையோ என்னவோ" என்றார்.

மூச்சிரைக்க ஏறினோம். மழை இல்லை. அனல். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "கம்பெனியை மூடிட்டாங்கன்னுல்ல நினைச்சேன்" என்றார். வானத்தைத் திட்டினோம். மூவருக்கும் நன்றாக வேர்த்தது.

சாயங்காலம் மற்றவர்கள் கிளம்புகிற நேரத்தில் கண்ணாடி வெளுத்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. கம்பி வந்தது. வெயில் வந்தது. வெறும் மாடி. அவள் ஆபீஸிலும் கிளம்பியிருப்பார்கள். நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுப் போயிருப்பாள். சரி, என்று நான் நாற்காலியைத் தள்ளி எழுந்தபோது, ஓரத்தில் தோளில் பையோடு ஒரு முதுகு நின்றது. திரும்பிப் பார்த்தது.

பை நழுவி விழுந்தது. அவள் வந்து உட்கார்ந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். மடித்து மடித்து ஓரங்கள் நைந்துபோயிருந்த காகிதம். இன்றைக்கு எழுதியது இல்லை.

"என்ன சார், வந்துட்டாங்களா? எங்களுக்குக் கறுப்பாத்தான் இருக்கு" என்றாள் பின்னாலிருந்து செண்பகவல்லி. "என்ன எழுதியிருக்காங்க?"

"'நீங்க எந்த ஊரு?'" என்று படித்தேன்.

"சொல்லுங்க சார், என்ன முழிக்கிறீங்க" என்றார் இருதயராஜ், பேனாவை என் கையில் திணித்து.

ஸ்ரீமுஷ்ணம் என்று பெரிதாக எழுதினேன். அடியில் இடம் மிச்சம் இருந்தது. ஒரு வருஷமாகச் சொல்ல நினைத்ததை அங்கே எழுதினேன்.

'அங்கே ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.'